அமானிதமாய் ஒரு விசில்

அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடிவிடுகிறார்கள். தண்ணீரூற்றானாலும் நீராவிப்பிட்டியானாலும் ஹிஜ்ராபுரமானாலும் இதே கதைதான். முல்லைத்தீவுக் கரையோரத்துக்குப் போனாலும் மாலையானால் ஒரு பந்தும் அதன் பின்னால் இருபது கால்களும் ஓடிக்கொண்டிருக்கும். மஃரிபுக்கு முன் பிள்ளை வீடு திரும்பிவிடுவானா என்று வாசலைப் பார்த்து நிற்காத உம்மா நம்மில் யார்?

அந்தப் பிள்ளைகள் நடுவே விசிலுடன் ஒருவர் நிற்பார். பெரும்பாலும் அவர் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. ஆசிரியராகவோ கடை வைத்திருப்பவராகவோ கடலுக்குப் போகிறவராகவோ இருப்பார். ஒரு நாள் அவருக்கு முடியாமல் போகும், வயதாகும், அல்லது வேறு ஊர் போவார். அன்று அந்த விசில் யார் கையில் இருக்கும்?

'உதைபந்தாட்டக் கதை நமக்கெதற்கு?' என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு பொறுப்பைக் கடைசிவரை எப்படிச் சுமப்பது, அதை அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்பது என்பது மைதானத்துக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. நம் வீட்டுக்குள்ளும் அது இருக்கிறது. அதைச் சொல்லித்தரும் ஒரு மனிதரின் வாழ்க்கையை முதலில் பார்ப்போம்.

பாடசாலை ஆசிரியர் ஒருவர்

ஹைதராபாத்தில் 1909 ஆகஸ்ட் 17ஆம் திகதி பிறந்தவர் ஸையித் அப்துல் ரஹீம். படித்தவர், ஆசிரியராகத் தொழில் பார்த்தவர், பின்னர் உடற்கல்வியிலும் தேர்ச்சி பெற்றார். ஊர் மக்களுக்கு அவர் 'ரஹீம் ஸாஹிப்'. 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி 'மைதான்' என்ற ஹிந்தித் திரைப்படம் வெளிவந்த பின்புதான் புதிய தலைமுறைக்கு அவர் பெயர் தெரியவந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார்.

ரஹீம் ஸாஹிப் மைதானத்திலும் ஆசிரியராகவே இருந்தார். பிள்ளைகள் பந்தைத் தாங்களே வைத்துக்கொண்டு ஓடிக் கெட்டித்தனம் காட்டுவதைத் தடுக்க, பந்தைக் கடத்தியே ஆட வேண்டும் என்ற நிபந்தனையுடன் சுற்றுப்போட்டிகள் நடத்தினார். வலது கால்காரன் இடது காலாலும், இடது கால்காரன் வலது காலாலும் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். பலவீனமான காலுக்கு இப்படித்தான் பலம் வரும் என்பது அவர் கணக்கு.

துளசிதாஸ் பலராம் என்றொரு வீரர். தமிழ்ப் பெற்றோருக்கு செகந்திராபாத் பக்கத்தில் பிறந்தவர், வறுமைப்பட்ட குடும்பம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். தூரம் அதிகம், வந்துபோகக் கையில் காசில்லை. சைக்கிள் வாடகைக் காசை ரஹீம் ஸாஹிபே கொடுத்து வரவழைத்ததைப் பலராம் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். அந்தப் பிள்ளைதான் பிறகு இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். முஸ்லிம் ஆசிரியர் ஒருவர், தமிழ்த் தாயின் பிள்ளையின் சைக்கிள் வாடகையை யோசித்தார்! நம் ஊரிலும் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஓடுகிறார்கள் என்பதால் இதை விசேடமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டுப் போகாதவர்

ரஹீம் ஸாஹிப் வளர்த்த கழகம் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி. அந்நாளில் இந்திய உதைபந்தாட்டத்தின் பெயரும் பணமும் கல்கத்தாவில்தான் குவிந்து கிடந்தன. அங்குள்ள பெரிய கழகங்கள் ஹைதராபாத் வீரர்களை ஒருவர் பின் ஒருவராக அழைத்துக்கொண்டன. பலராமும் கிழக்கு வங்காளக் கழகத்துக்குப் போய்விட்டார். ரஹீம் ஸாஹிப் போனவர்களைப் பற்றி அழுதுகொண்டிருக்காமல், அடுத்த வரிசைப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தினார். கண்மூடும்வரை ஹைதராபாத்தின் பயிற்றுநராகவே இருந்தார்.

அந்த உறுதிக்குப் பலன் கிடைத்தது. பம்பாயில் அந்நாளில் நடந்துவந்த ரோவர்ஸ் கிண்ணத்தை ஹைதராபாத் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. இந்தியாவின் பழைமையான டுராண்ட் கிண்ணத்தை 1950, 1954, 1957ஆம் ஆண்டுகளில் வென்றது. 1961இல் ஆந்திரப் பிரதேசப் பொலிஸ் என்ற பெயரில் மீண்டும் வென்றது.

நாட்டு அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஆடிய அணி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றுத் திரும்பியது. அந்தத் தோல்வியோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. பாதணி அணிந்து ஆடவும், ஐரோப்பியர் ஆடும் புதிய முறைகளைக் கற்கவும் வீரர்களைப் பழக்கினார். நான்கு ஆண்டுகளில், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில், அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்று இந்தியா அரையிறுதிக்குப் போனது, நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசிய நாடொன்று அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

மகனும் அணியில்... ஆனால்!

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக். ரஹீம் ஸாஹிப் பயிற்றுநர். அணியில் அவருடைய மகன் ஸையித் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்றது. பிரான்ஸுடன் 1-1 எனச் சமப்படுத்தியது. பெருவிடம் 3-1 எனத் தோற்றது. மூன்றில் ஒன்றிலாவது மகன் களமிறங்கினாரா? இல்லை. வாப்பா பயிற்றுநராக இருக்க, மகன் ஓரத்தில் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

சகோதரிகளே! ஓர் உம்மாவாக இதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எவ்வளவு பேச்சு வந்திருக்கக்கூடும்! பாடசாலைப் போட்டியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டாலே நாம் ஆசிரியரைத் தேடிப் போகிறோம். பதவி தன் கையிலிருக்கும்போது தன் பிள்ளையை முன்னே தள்ளாமல் இருப்பது இலேசான காரியமல்ல.

ஹக்கீம் வெறுத்துப்போய் விளையாட்டை விட்டுவிடவுமில்லை. இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேவை செய்தார். சர்வதேச மத்தியஸ்தராகவும் பயிற்றுநராகவும் வாழ்நாள் முழுவதும் மைதானத்திலேயே இருந்தார். 2017இல் இந்திய அரசின் தியான் சந்த் விருது அவருக்குக் கிடைத்தது. 2021இல் காலமானார். வாப்பா தராத ஓர் இடத்துக்காக மகன் வாப்பாவின் பாதையை விட்டு விலகவில்லை.

ஜகார்த்தா: நோயோடு ஒரு பயணம்

1962 ஆசிய விளையாட்டு ஜகார்த்தாவில். ரஹீம் ஸாஹிபை அப்போது நுரையீரல் புற்றுநோய் பிடித்திருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய உடம்போடு அணியைக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சூழ்நிலையும் சரியில்லை. இஸ்ரேலும் தாய்வானும் அந்தப் போட்டிக்கு அனுமதிக்கப்படவில்லை. இதை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்துப் பேசியதால் ஜகார்த்தா மக்கள் இந்தியர்மீது கோபத்தில் இருந்தனர். முதலாவது ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென்வியட்நாம் என்று ஒவ்வொன்றாக வென்று, செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவின் முன் நின்றார்கள்.

முந்திய இரவு ரஹீம் ஸாஹிப் வீரர்களைக் கூட்டி, தமக்கு ஒரு பரிசு வேண்டும், நாளை அந்தத் தங்கத்தைத் தாருங்கள் என்று கேட்டதாக அவரது மாணவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். தலையில் தையல் போட்ட காயத்தோடிருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசையில் ஆடவைத்தார். காய்ச்சலிலிருந்து எழுந்திருந்த பீற்றர் தங்கராஜை கோல் காப்பாளராக நிறுத்தினார். முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டனர். கொரியா ஒரு கோல்தான் திருப்பிப் போட முடிந்தது. 2-1! இந்தியாவுக்குத் தங்கம்.

ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11ஆம் திகதி, ரஹீம் ஸாஹிப் காலமானார். வயது 53. அவர் ஆக்கிய பொலிஸ் அணி அதே 1963இல் ரோவர்ஸ் கிண்ணத்தை மீண்டும் வென்றது. ஆசிரியர் இல்லை, அவர் கற்பித்தது மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது யார்?

இங்கேதான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

ரஹீம் ஸாஹிப் போனபின் நாட்டு அணியை இங்கிலாந்துக்காரரான ஹரி ரைட் பொறுப்பேற்றார். 1964 ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. வீரர்கள் ரஹீமின் பிள்ளைகள்தானே, கொஞ்சக் காலம் ஓடியது. அதன்பின் மெல்ல மெல்ல இறக்கம். 1960க்குப் பிறகு ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்கு இந்தியா தகுதி பெறவேயில்லை. ஆசிய விளையாட்டில் 1970இல் வெண்கலம். அதற்குப் பின் பதக்கமே இல்லை.

ரஹீம் ஸாஹிப் தம் அறிவை ஒளித்துவைத்தாரா? இல்லவே இல்லை. அவருடைய மாணவர் பி. கே. பானர்ஜி பிற்காலத்தில் இந்தியாவின் பெயர்பெற்ற பயிற்றுநர்களில் ஒருவரானார். 1970இல் வெண்கலம் வென்ற அணியின் தலைவர் ஸையித் நயீமுத்தீன், ரஹீம் பண்படுத்திய ஹைதராபாத் மண்ணில் வளர்ந்தவர். பயிற்றுநராகி 1990இல் துரோணாச்சார்யா விருது பெற்றார். இன்னொரு மாணவரான அல்பர்ட்டோ பெர்னாண்டோ 1964இல் பிரேசிலுக்குப் பயிற்சி பெறப் போய், ரஹீம் ஸாஹிப் எங்களுக்கு 1956இலேயே சொல்லித்தந்ததைத்தான் இங்கே படிப்பிக்கிறார்கள் என்ற கருத்தில் சொன்னதாகக் கூறுவார்கள்.

ஆக, ஆசிரியர் தம் பங்கைச் செய்தார். மாணவர்களும் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். பள்ளிப்பிள்ளைகளை வைத்து அவர் நடத்திய சுற்றுப்போட்டிகளையும், ஆண்டாண்டாய்ப் புதுவரிசை ஆயத்தமாக்கும் அந்த ஒழுங்கையும் நாடு முழுவதற்கும் உரிய ஏற்பாடாக எடுத்து நடத்த நிர்வாகம் இல்லாமல் போயிற்று. எல்லாம் ஒரு மனிதரின் தோளில் இருந்தது. அந்தத் தோள் மண்ணுக்குள் போனதும் சுமை கீழே விழுந்தது.

இடம் விட்டுக் கொடுப்பதிலும் ஓர் அழகு

மரணத்தால் அல்லாமல், தாமாக விலகி ஒப்படைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தை நம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள்; கோல் போட்டதும் மைதானத்திலேயே ஸுஜூது செய்யும் எகிப்தியச் சகோதரர் முஹம்மத் ஸலாஹ் அங்கே ஆடிப் புகழ்பெற்றதால்! அக்கழகத்தின் பயிற்றுநராக ஜெர்மனியரான யூர்கன் குளொப் 2015 ஒக்டோபரில் வந்தார். 2024 ஜனவரி 26ஆம் திகதி, பருவம் முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கும்போதே, தாம் விலகப்போவதாக அறிவித்தார். கழகம் ஆள் தேட அவகாசம் கிடைத்தது. மே 19ஆம் திகதி அவருடைய கடைசி ஆட்டம். தம்மை வழியனுப்ப வந்திருந்த ஆயிரமாயிரம் ரசிகர்கள் முன்னால் அவர் செய்தது என்ன தெரியுமா? வரப்போகும் ஆர்னே ஸ்லொட்டின் பெயரைத் தாமே பாட்டாகப் பாடி, கூட்டத்தையும் பாடவைத்தார்! புதியவர் வருமுன்பே அவருக்குரிய வரவேற்பைப் பழையவர் வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த பருவத்திலேயே, 2025 ஏப்ரலில், லிவர்பூல் இங்கிலாந்தின் சம்பியனானது.

வாய் வாழ்த்து மட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. மன்செஸ்டர் யுனைடெட் கழகத்தை 26 ஆண்டுகளுக்கு மேல் நடத்திய அலெக்ஸ் பேர்குசன் 2013இல் விடைபெற்றபோது, புதியவருக்குத் துணை நில்லுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். புதியவர் டேவிட் மோயஸ் ஓராண்டு முடியுமுன், 2014 ஏப்ரலில், நீக்கப்பட்டார். போகிறவர் நல்லெண்ணம் வைப்பதோடு, இருப்பவர்கள் பொறுமையும் வைக்க வேண்டும்.

நம் வரலாற்றில் இல்லாததா?

இதையெல்லாம் நாம் மேல்நாட்டிலிருந்துதான் கற்க வேண்டுமா? ஹிஜ்ரி 13ஆம் ஆண்டு உமர் (ரழி) அவர்கள் கலீஃபாவானதும், சிரியாவில் படைத்தளபதியாக இருந்த காலித் பின் வலீத் (ரழி) அவர்களை அப்பொறுப்பிலிருந்து எடுத்து, அபூ உபைதா (ரழி) அவர்களை நியமித்தார்கள். காலித் (ரழி) யார்? 'அல்லாஹ்வின் வாள்' என்று பெயர் பெற்றவர். வெற்றி மேல் வெற்றி கண்டவர். அவர் கோபித்துக்கொண்டு மதீனா திரும்பினாரா? தமக்கென ஒரு கூட்டம் சேர்த்தாரா? இல்லை. நேற்றுவரை தமக்குக் கீழிருந்தவரின் கீழ் நின்று போரிட்டார். பொறுப்பேற்ற அபூ உபைதாவோ 'இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கையாளர்' என்று நபி (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்டவர். காலிதின் மனம் நோகாதபடி நடந்துகொண்டார்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். அமானிதம் என்றால் அடகு வைத்த நகையும் கைமாற்றுக் காசும் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதவியும் அமானிதம். கற்ற கல்வியும் அமானிதம்.

நம் ஊர், நம் வீடு

முல்லைத்தீவு முஸ்லிம்களாகிய நமக்கு இது இன்னும் கூடுதலாக உறைக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, வீடும் வயலும் தோணியும் மட்டுமா போயின? யாரிடம் யார் கற்பது என்ற தொடரும் அறுந்தது. ஓதிக் கொடுத்தவர் ஓர் ஊரில், ஓதிய பிள்ளை இன்னோர் ஊரில். பலர் புத்தளத்தில் தங்கிவிட்டார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் மீண்டும் எழுப்பினார்கள். ஆனால் கட்டடத்தை எழுப்புவது போல ஒரு ஆளை எழுப்ப முடியுமா?

ஒன்று கேட்கிறேன், சகோதரிகளே. உங்கள் மஹல்லாவில் பெண் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிடத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? பெரும்பாலான இடங்களில் ஒரு மூத்தம்மாவின் பெயரைத்தான் சொல்வார்கள். நடுச்சாமத்தில் மௌத்துச் செய்தி வந்தாலும் அவர்தான் எழுந்து வர வேண்டும். நாளை அவரே மௌத்தானால் அவரைக் குளிப்பாட்டுவது யார்? பக்கத்து ஊருக்கு ஆளனுப்பித் தேடுவதா?

மூத்தம்மாமாரே! அடுத்த முறை நீங்கள் போகும்போது இரண்டு இளம் பெண்களைக் கையோடு கூட்டிப் போங்கள். முதல் நாள் தண்ணீர் ஊற்றட்டும். மறுமுறை துணி வெட்டட்டும். மூன்றாம் முறை நீங்கள் ஓரத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். இளம் சகோதரிகளே! பயமென்று பின்வாங்காதீர்கள். அவருடைய கை ஓடும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் அப்படித்தான். அலுமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எழுபது வயதிலும் மருமகளை அடுப்படி விருந்தாளியாக வைத்திருக்கும் மாமிமார் உண்டு. சாவியை வாங்கிய மறுநாளே மாமியை மூலையில் உட்காரவைக்கும் மருமகள்மாரும் உண்டு. இரண்டும் தவறு. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்க வேண்டும். வாங்குபவர் மரியாதையோடு வாங்க வேண்டும். காலிதும் அபூ உபைதாவும் (ரழியல்லாஹு அன்ஹுமா) காட்டித்தந்தது இதைத்தானே!

இன்று மாலை பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும்போது, விசிலோடு நிற்கும் அந்த மனிதருக்கு ஒரு ஸலாம் சொல்லி அனுப்புங்கள். முடிந்தால், பெரிய பிள்ளைகளில் இரண்டு பேரைப் பழக்கிவிடுங்கள் என்று உங்கள் வீட்டு ஆண்கள் மூலம் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப்பாருங்கள். மனிதன் மரணித்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்க்கும் மூன்றில், பிறர் பயன்பெறும் கல்வியும் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

ரஹீம் ஸாஹிபின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் கையிலிருக்கும் பொறுப்பு எதுவானாலும், அதை இருக்கும்வரை ஒழுங்காகச் சுமக்கவும், நேரம் வரும்போது மனக்கசப்பின்றி அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் நம் அனைவருக்கும் அவன் அருள்புரிவானாக. ஆமீன்.